அம்மன் நடந்த மைல்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கடற்காற்று இன்றைக்கு வலுவாக அடிக்கிறது. தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதை அதோடு போய்விடும், அப்புறம் "என்ன சொன்னே, என்ன சொன்னே" என்று என்னைப் பிடுங்குவீர்கள். ஒரு லாரியின் கதை சொல்லப் போகிறேன். லாரி என்றதும் பெண்பிள்ளைகள் எழுந்திருக்க வேண்டாம். இதில் ஒரு கல்யாணம் இருக்கிறது. அது நடப்பதும் நின்றுபோவதும் ஒரே ஒரு டின் பெட்ரோலில் இருந்தது.

உலகச் சண்டை முடிந்து, பட்டாளத்துச் சாமான்களை ஏலத்தில் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. பெட்ரோலுக்கு இன்னும் ரேஷன் கூப்பன் இருந்தது. வண்ணாரப்பேட்டையில் உப்பு மண்டி வைத்திருந்த மாசானம், அந்த ஏலத்தில் ஒரு லாரியை எடுத்தார். மாசானம் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். நெற்றி நிறையத் திருநீறு, கையில் எப்போதும் ஒரு குடை. "காலனுக்குப் பன்னிரண்டு மைல் கொடுக்கும்" என்று தரகன் கற்பூரம் அணைக்காத குறையாகச் சொன்னான். காலன் என்றதும் எருமைமேல் வருகிறவனை நினைத்துவிடாதீர்கள். இப்போது லிட்டர் என்கிறோமே, அதுபோல அந்தக் காலத்தில் பெட்ரோலை அளந்த அளவு அது. ஏறக்குறைய நாலரை லிட்டர் ஒரு காலன்.

தரகன் சொன்ன பன்னிரண்டை மாசானம் வீதி முழுக்கச் சொன்னார். சம்சாரம் ஆவுடையம்மாள் மட்டும், "நாலு சோடி மாடு வாங்கிப் போட்டிருக்கலாம்" என்றாள். "மாடு காலனுக்கு எத்தனை மைல் கொடுக்கும்?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தார்.

லாரியை ஓட்டியவன் பரசுராமன். எர்ணாவூர் தாண்டி இருக்கும் மீனவர் குப்பத்துப் பிள்ளை. அப்பனும் பாட்டனும் கட்டுமரம் ஏறியவர்கள். இவன் சண்டையின்போது பட்டாளத்தில் சேர்ந்து, லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு திரும்பினான். எண்ணூருக்கு வடக்கே இருந்த உப்பளத்தில் மூட்டை ஏற்றி வண்ணாரப்பேட்டை மண்டியில் இறக்குவது வேலை. அதே குப்பத்தில் அப்பாவு என்பவரின் மகள் அம்முவை அவனுக்குப் பேசி, பாக்கு வெற்றிலையும் மாற்றியாகிவிட்டது. ஆவணியில் கல்யாணம்.

இப்படி இருக்கும்போதுதான் மாசானம் மீட்டரைப் பார்த்தார்.

லாரி ஓடின மைலைக் காட்ட ஒரு மீட்டர் உண்டு. கண்ணாடிக்குள் நம்பர்கள் உருளும். இந்த லாரியின் மீட்டர் ஒரு தினுசு. நல்ல ரோட்டில் தூங்குவது போல இருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் திடுக்கிட்டு எழுந்து, விட்டதையெல்லாம் சேர்த்து உருளும். மாதக் கடைசியில் அது காட்டிய மைலை, ஊற்றிய பெட்ரோலால் வகுத்துப் பார்த்தார் மாசானம். காலனுக்கு ஏழு வந்தது.

மண்டியில் மூட்டை இறக்குகிறவர்கள் பத்துப் பேர் நிற்க, அத்தனை பேர் முன்னிலையிலும் கேட்டார்.

"ஏ பரசுராமா, தரகன் பன்னண்டுன்னான். மீட்டரு ஏழுங்குது. மிச்சப் பெட்ரோலு எங்கடே போகுது?"

"வண்டி குடிக்குது மொதலாளி. நான் இன்னா பண்ணட்டும்?"

"வண்டி குடிக்குதா, வண்டி ஓட்டுதவன் குடிக்கானா?"

"பெட்ரோலை எவன் மொதலாளி குடிப்பான்? நெஞ்சு எரிஞ்சி பூடும்."

"குடிக்க வேண்டாம்லே. விக்கலாம்லா."

மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். அதில் ஒருவன் எண்ணூர்க்காரன். மாலையில் அவன் வீட்டுக்குப் போகிற வழியில் அப்பாவுவின் காதில் இதைப் போட்டான். பரசுராமன் லாரியை நிறுத்திவிட்டுக் குப்பத்துக்குள் நுழைந்தபோது, அவன் வருங்கால மாமனார் வலையைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னா நைனா, பெட்ரோலு இன்னா வெலைக்குப் போவுது?"

"மாமா, நான் எடுக்கல."

"எடுக்காதவனைப் பாத்து எத்துக்கு அந்த ஆளு கேக்கறாரு? நான் சொல்ட்டேன். பெட்ரோல் திருடனுக்குப் பொண்ணு குடுத்தா, நாளைக்கு என் கட்டுமரத்தையும் ராவோட ராவா வித்துடுவான். உன் மொதலாளி வாயால நீ திருடன் இல்லன்னு சொல்லட்டும். இல்லாங்காட்டி பாக்கு வெத்தலைய வாங்கிகினு போ."

மறுநாள் பரசுராமன் மாசானத்திடம் போய் நின்றான்.

"மொதலாளி, ஒரே ஒரு கேலன் ஊத்தி ஓட்டிப் பாத்துடலாம். நீயே கூட வா."

மெட்ராஸ் பேச்சில் பெரியவர் சின்னவர் எல்லோரும் "நீ"தான். அந்த "நீ" மட்டும் மாசானத்துக்கு எத்தனை வருஷமானாலும் பழகவில்லை. அதைக் கேட்டு முகம் சுளித்தாலும் யோசனை பிடித்துப்போயிற்று.

"மீட்டரை வச்சா பாக்கப் போறோம்?"

"மீட்டரு வேணாம். ரோட்டுல மைல்கல்லு கீதுல்ல? அத்த எண்ணிக்கலாம்."

"கல்லு பொய் சொல்லாது. சரிலே. வெள்ளிக்கிழமை."

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், கண்ணுகளா. லாரி முதலாளி கண்முன்னே காலனுக்கு ஏழு மைல்தான் ஓடியது என்றால், லாரிதான் குடிகாரன், பரசுராமன் யோக்கியன். அதைவிடக் கூட ஓடினால், அந்தக் கூடுதல் பெட்ரோலைத் தினமும் இவன்தான் தின்றான் என்று ஆகிவிடும். அதாவது, உலகத்து டிரைவரெல்லாம் வண்டி நன்றாக ஓட வேண்டும் என்று வேண்டிக்கொள்ள, இவன் மட்டும் "சீக்கிரம் நின்று தொலை" என்று வேண்டிக்கொள்ள வேண்டும்.

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்முவிடம் இதைச் சொன்னான். அவள் காக்கையை விரட்டுகிற சாக்கில் பேசினாள்.

"நீ எடுத்தியா?"

"இல்ல."

"என் மூஞ்சப் பாத்து சொல்லு."

"இல்ல அம்மு."

"அப்ப நான் கல்லம்மாகிட்ட சொல்றேன். வண்டி சீக்கிரமா நிக்கணும், அவ்ளோதானே?"

கல்லம்மா அந்தக் குப்பத்து அம்மன். ரோட்டோரம் பூவரச மரத்தடியில் இருந்தாள். தலை உருண்டையான ஒரு கல். எந்நேரமும் சிவப்புச் சீலை கட்டி, மஞ்சள் பூசி, வேப்பிலை செருகியிருக்கும். அவளுக்குப் பூசை செய்தவள் அம்முவின் தாயார் பூவம்மா. கல்லம்மாவுக்கு மற்ற அம்மனுக்கு இல்லாத பெருமை ஒன்று உண்டு. பழைய குப்பத்தைக் கடல் கொண்டுபோனபோது ஜனங்கள் எல்லோரும் தெற்கே வந்து குடிசை போட்டார்கள். அவர்கள் பின்னாலேயே ஆத்தாவும் ராத்திரியோடு ராத்திரியாக நடந்து வந்துவிட்டாள் என்று பூவம்மா சொல்வாள். நம்பாதவர்களுக்குச் சீலையைக் கொஞ்சம் விலக்கி, கல்லில் நெட்டாகச் செதுக்கியிருக்கும் இரண்டு கோடுகளைக் காட்டுவாள். "பாத்துக்க. ஆத்தாவோட ரெண்டு காலு. எந்தக் கோயில்ல அம்மனுக்குக் காலு தெரியுது சொல்லு?" இதைக் கேட்டு ராயபுரத்தில் இருந்தெல்லாம் வெள்ளிக்கிழமை ஜனம் வந்தது. மாதா கோயிலுக்குப் போகிற மீன்காரி வியாகுலம்மாள்கூட, போகிற வழியில் கூடையை இறக்கிவிட்டு இங்கே ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத்தான் போவாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ராயபுரத்து மெக்கானிக் ஒருவர் லாரியின் டாங்கியை அடைத்துவிட்டு, சரியாக ஒரு காலன் பெட்ரோல் ஊற்றிய டின்னை முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் கட்டி, அதிலிருந்து ரப்பர் குழாய் விட்டு எஞ்சினுக்குக் கொடுத்தார். அந்த டின் தீர்ந்தால் வண்டி நிற்கும். அவ்வளவுதான் சோதனை. தினமும் சுமக்கிற பாரம் இருந்தால்தான் நியாயம் என்று பரசுராமன் சொன்னதால், மண்டியில் இருந்தே உப்பு மூட்டைகளை ஏற்றினார்கள். இரண்டு என்று எழுதிய ராயபுரத்து மைல்கல்லுக்கு நேராக லாரியை நிறுத்தினார்கள். நடுவில் மாசானம், அந்தப் பக்கம் சாட்சிக்கு அப்பாவு.

தண்டையார்பேட்டையில் மீன் வாங்கிக்கொண்டிருந்த ஒருத்தி லாரியைப் பார்த்துக் கேட்டாள், "எங்க நைனா போவுது இந்த உப்பு?"

"உப்பளத்துக்கு" என்றார் அப்பாவு, தலையை வெளியே நீட்டி.

"உப்பளத்துக்கு உப்பு எட்த்துகினு போறாங்கடி" என்று அவள் வீதிக்குச் சொன்னாள். அடுத்த தெருவரைக்கும் லாரியின் பின்னாலேயே அந்தச் சிரிப்பு வந்தது.

மாசானம் சிரிப்பைக் கவனிக்கவில்லை. வெயில் பட்டுப் பெட்ரோல் ஆவியாகிவிடும் என்று அவருக்குக் கவலை. குடையை விரித்து, அப்பாவுவின் மடிமேல் சாய்ந்து ஜன்னல் வழியாக வெளியே கையை நீட்டி, டின்னுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். குடை பறக்கப் பார்க்கும். இவர் இழுப்பார். அதன் மறைப்பில் பரசுராமனுக்குப் பாதி ரோடு தெரியவில்லை.

"மொதலாளி, குடைய எடு. மாடு வருது."

"மாடு ஒதுங்கிரும். நீ ஓட்டு."

இந்த லாரி எப்பேர்ப்பட்ட லாரி தெரியுமா? தினமும் காலாடிப்பேட்டையில் இருமும். தேரடியில் ஒரு தடவை மயங்கி விழும். தீப்பெட்டி ஃபாக்டரி வாசலில் இறங்கித் தள்ளினால்தான் நகரும். அன்றைக்கு என்ன வந்ததோ, புது மாப்பிள்ளை போல ஓடியது. காலாடிப்பேட்டையில் இருமலைக் காணோம். தேரடியில் மயக்கத்தைக் காணோம். தீப்பெட்டி ஃபாக்டரி வாசலில் தினமும் தள்ளிவிடுகிற ஆட்கள் பழக்கத்தில் எழுந்து வந்தார்கள். லாரி அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பாவுவுக்கு இந்த மைல் கணக்கெல்லாம் பிடிபடவே இல்லை. வண்டி நன்றாக ஓடினால் மருமகனுக்குப் பெருமை என்று நினைத்துக்கொண்டார்.

"மாப்ள, ஜோரா போவுதுப்பா வண்டி."

"மாமா, சும்மா குந்து."

"இல்லப்பா, சும்மா சொல்லக் கூடாது. கட்டுமரம் காத்துல போறாப்போல கீது."

"மாமா, உன் கால்ல வுழறேன்."

"ஏழாங் கல்லு" என்றார் மாசானம், கண்ணில் வெளிச்சத்தோடு. "அஞ்சு மைலு வந்தாச்சு. டின்னுல இன்னும் கெடக்கு பாத்தியா."

பரசுராமனின் இடது கைக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் இருந்தது. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப அதை இழுப்பார்கள். ஓடுகிற வண்டியில் இழுத்தால் பெட்ரோல் மளமளவென்று வீணாகும். மாசானம் வெளியே குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இழுத்தால் யாருக்கும் தெரியாது. கை அதுவரைக்கும் போயிற்று. இத்தனை நாள் எடுக்காத பெட்ரோலை இப்போதா எடுப்பது என்று நினைத்தானோ என்னவோ, கையை எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டான்.

எட்டாவது கல் மணலுக்குள் புதைந்து கிடந்தது. ஒன்பதாவதைக் கடல் கொண்டுபோய் நாளாயிற்று. "கல்லு வரும், கல்லு வரும்" என்று மாசானம் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் லாரி இரண்டு முறை இருமி, ஒருமுறை குலுங்கி, நின்றது. டின் காலி. நின்ற இடம் கல்லம்மா கோயில் வாசல்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. சூடத்தட்டோடு பூவம்மா நின்றாள். பக்கத்தில் அம்மு. வேண்டிக்கொண்டபடியே லாரி அம்மன் காலடியில் வந்து நின்றதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பரசுராமனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவன் ஆட்டவில்லை.

மாசானம் இறங்கினார். மைல்கல்லைத் தேடினார். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அம்மனைப் பார்த்ததும் குடையை மடக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்ட கை பாதியில் நின்றது. அந்த உருண்டைத் தலையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. மெல்லக் குனிந்து சீலை ஓரத்தை விலக்கினார்.

"யோவ், இன்னாய்யா பண்றே?" என்றாள் வியாகுலம்மாள். "பொம்பளைத் தெய்வத்தோட சீலைய வெலக்குறான் பாரு. மன்சனா நீ?"

"தப்பா நெனைக்காதிய. எழுத்தப் பாக்கேன்." மாசானம் மஞ்சளைக் கட்டை விரலால் துடைத்தார். இரண்டு கோடுகளும் பளிச்சென்று தெரிந்தன. "இது பதினொண்ணு."

"அது ஆத்தா காலு" என்றாள் பூவம்மா.

"காலு இல்ல தாயி. ஒண்ணும் ஒண்ணும். பதினோராவது மைலு." மாசானம் நிமிர்ந்தார். சந்தோஷமும் வருத்தமும் சேர்ந்த ஒரு முகம். "ரெண்டுல கெளம்பி பதினொண்ணுல நின்னிருக்கு. ஒம்பது மைலு. மீட்டருல ஏழு, கண்ணு முன்னால ஒம்பது. பரசுராமா, நான் இதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"

பரசுராமனுக்கு எழுத்துத் தெரியும். சீலைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அதுவரை பார்த்ததில்லை. இப்போது பார்த்தான், பதினொன்றுதான். தன் அம்மனே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டாள் என்று லாரி மட்கார்டில் சாய்ந்துகொண்டான்.

அப்பாவுவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "ஜோரா ஓடிச்சேன்னு நான் சந்தோஷப்பட்டேனே" என்றார் பாவமாக. பிறகு குரலை மாற்றி, "அம்மு, வூட்டுக்குப் போ" என்றார்.

அம்மு போகவில்லை. மாசானத்தின் எதிரே வந்து நின்றாள்.

"பெரியவரே, இந்தக் கல்ல வெச்சித்தான் மைல் சொல்றியா?"

"ஆமா தாயி. சர்க்காரு அளந்து நட்ட கல்லு. அது எடத்த விட்டு நகராது."

"நகராதா?" அவள் தாயாரைத் திரும்பிப் பார்த்தாள். "எம்மா, ஆத்தா எங்கேர்ந்து வந்தான்னு சொல்லு."

பூவம்மா சூடத்தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். ராயபுரத்துக் கூட்டம் முழுக்க எதிரே நிற்கிறது. ஆத்தா நடந்து வந்தவள் என்று நம்பித்தான் அவ்வளவு தூரம் வருகிறார்கள். வேறு மாதிரிச் சொன்னால் அம்மனின் பேர் போகும். சொல்லாவிட்டால் மகளின் கல்யாணம் போகும். அவள் முகத்தில் இரண்டும் மாறி மாறி வந்தன.

"நடந்து வந்தா" என்றாள் கடைசியில்.

"எங்கேர்ந்து தாயி?" என்றார் மாசானம். அம்மன் நடந்தாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் ஊரிலும் சாமிகள் நடக்கும், ஓடும், சில சமயம் ஊரைவிட்டுக் கோபித்துக்கொண்டும் போகும்.

"பழைய குப்பத்துலேர்ந்து."

"அது எம்புட்டுத் தூரம்?"

"எனக்கு இன்னா தெரியும்? நீதான் மைலு எண்ணுறவன். போய்ப் பாரு."

மாசானம் யோசித்தார். இது பதினோராவது கல் என்றால், பன்னிரண்டாவது கல் நிற்கிற உப்பளம் ஒரே மைல்தான். இத்தனை தடவை லாரியில் போயிருந்தாலும் அவருக்கு வழி தெரியாது. ஏறி உட்கார்ந்ததும் தூங்கி, உப்பள வாசலில் விழிக்கிற பழக்கம். "ஒரு மைல்தானே, நடந்தே போயிட்டு வாரேன்" என்றார். பரசுராமன் டின்னில் எதையாவது ஊற்றிவிடக் கூடாது என்று வியாகுலம்மாளைக் காவல் வைத்துவிட்டு, அப்பாவுவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

காவல் என்றால் என்ன காவல்? வியாகுலம்மாள் கூடையை வைத்து ஊர்க்கதை பேச உட்கார்ந்துவிட்டாள். பரசுராமனும் அம்முவும் மரத்தின் இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றார்கள்.

"சீக்கிரமா நிக்கணும்னு தானே வேண்டிகினே?" என்றான் அவன்.

"ஆமா. நின்னுச்சில்ல?"

"எங்க நிக்கணும்னு சொல்ல வேணாமா?"

"அத்தையும் நானே சொல்லணுமா? டிரைவரு நீயா நானா?"

அவன் சிரித்துவிட்டான். அன்றைக்கு அவன் சிரித்தது அப்போதுதான்.

அந்தப் பக்கம் மாசானம் நடந்துகொண்டிருந்தார். வெயில் ஏறிவிட்டது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மணல். செருப்புக்குள் மணல் புகுந்து குதிகாலை அறுத்தது. அப்பாவு வெறுங்காலோடு முன்னால் போனார். தலைகுனிந்து வந்த மனிதர், பழக்கமான வழியைப் பார்த்ததும் தன்னை மறந்து பேச ஆரம்பித்தார்.

"இந்த எடம் கீதே மொதலாளி, இங்கதான் சக்கரம் மணல்ல மாட்டிக்கிச்சி. எட்டுப் பேரு தள்ளினோம். அம்மு சின்னப் பொண்ணு, மேல குந்திகினு ஆத்தாவைக் கெட்டியாப் புட்ச்சிகினு இருந்தா, உருண்டுடப் போறான்னு."

"எந்தச் சக்கரம் வேய்?"

அப்பாவு நாக்கைக் கடித்துக்கொண்டார். "வண்டிச் சக்கரம்."

"அம்மன் நடந்துல்லா வந்தா?"

"நடந்துதான் வந்தா மொதலாளி." கொஞ்ச தூரம் போன பிறகு சேர்த்துக்கொண்டார், "வண்டியில."

மாசானத்தின் நெற்றி வேர்வையில் திருநீறு கரைந்து மூக்கில் வழிந்தது. "கடல் குடிசையை அடிச்சிகினு போவுது, அத்தனை பேரும் கெளம்பறோம்" என்று அப்பாவு மெதுவாகச் சொன்னார். "ஆத்தாவை மட்டும் தண்ணில வுட்டுட்டு எப்படி வர்றது? நீயே சொல்லு."

"அது முடியாதுதான்" என்றார் மாசானம்.

ஒரு மைலுக்கு மேலேயே நடந்ததுபோல அவருக்கு இருந்தது. உப்பளத்தைக் காணோம். எதிரே மணல்மேட்டில் ஒரு வெள்ளாடு நின்றுகொண்டிருந்தது. கிட்டே போனபோதுதான் அது ஒரு கல்லின்மேல் நிற்கிறது என்று தெரிந்தது. அதே உருண்டைத் தலை. மாசானம் ஆட்டை விரட்டி, மணலைக் கையால் தள்ளினார். ஒன்றும், பக்கத்தில் ஒரு சுழியும் தெரிந்தன.

பத்து.

"பதினொண்ணுக்குப் பெறவு பத்தா?" என்றார் மாசானம்.

"எனக்குப் படிக்கத் தெரியாது மொதலாளி. ஆத்தா முன்னே இருந்த எடம் இன்னும் அவ்ளோ தூரம் போவணும். வா, காட்டுறேன்."

"வேண்டாம்." மாசானம் ஆடு நின்ற கல்லின்மேல் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி மணலைக் கொட்டினார். பத்தாவது கல்லே இங்கே இருக்கிறது. லாரி இதற்கு ஒரு மைல் முன்னாலேயே நின்றுவிட்டது. அப்படியானால் அது நின்றது ஒன்பதில். இரண்டில் கிளம்பி ஒன்பதில். விரல்விட்டு எண்ணினார். ஏழு விரல் நின்றது. பள்ளத்தில் விழித்து நல்ல ரோட்டில் தூங்குகிற அந்த மீட்டர் மாதக்கணக்கில் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

"அப்ப மாப்ள திருடலையா?" என்றார் அப்பாவு.

"இல்ல வேய்." மாசானம் பெருமூச்சு விட்டார். பையன் திருடனாக இருந்திருந்தால் அவனை மாற்றிவிடலாம். லாரியே இப்படி என்றால் என்ன செய்வது? பன்னிரண்டு மைல் என்று வீதியெல்லாம் சொன்ன வாயை வைத்துக்கொண்டு எப்படி மண்டிக்குள் நுழைவது?

இருவரும் திரும்பி வந்தபோது கூட்டம் கலையாமல் நின்றது. மாசானத்தின் செருப்பு கையில் இருந்தது. பூவம்மா தன் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்தார். வண்டி விஷயத்தைச் சொல்லிவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தட்டைக் கீழே வைத்துவிட்டு, என்ன வந்தாலும் வரட்டும் என்று நின்றாள்.

மாசானம் அம்மன் முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார்.

"தாயி, அம்மன் நடந்து வந்தது ரெண்டு மைலு. அவ நடந்த மைலை என் லாரி ஓடுன கணக்குல சேத்துட்டேன். அது எனக்கு ஆகாது. லாரி ஓடுனது ஏழுதாம்."

பூவம்மாவுக்குக் கண் கலங்கியது. "காலு கொப்பளிச்சிக்கீது, மஞ்ச வெச்சிக்க" என்று தட்டில் இருந்த மஞ்சளை எடுத்து நீட்டினாள்.

"அப்ப நான்?" என்றான் பரசுராமன்.

"உம்மேல குத்தம் இல்லலே."

"இங்க சொல்லாத மொதலாளி. மண்டியில கேட்டே, மண்டியில சொல்லு."

மாசானம் அவனை உற்றுப் பார்த்தார். கோபம் வரப் பார்த்து, வராமல் போயிற்று. அதற்குள் அம்மு தகப்பனார் பக்கம் திரும்பியிருந்தாள். "நீ குப்பம் பூரா சொல்லிகினு திரிஞ்சல்ல? நீ மொதல்ல சொல்லு."

அப்பாவு அந்த இடத்திலேயே சொன்னார். கட்டுமரத்தை விற்றுவிடுவான் என்று சொன்னதையும் சேர்த்து வாபஸ் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் வண்ணாரப்பேட்டை மண்டியில், மூட்டை இறக்குகிறவர்கள் எல்லோரும் இருக்கும்போது, மாசானம் ஒரு உப்பு மூட்டைமேல் ஏறி நின்றார். கல்லாவில் ஆவுடையம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் கேளுங்க. பரசுராமன் சொட்டுப் பெட்ரோலு எடுக்கல. என் லாரி காலனுக்கு ஏழுதாம் ஓடும். பன்னண்டுன்னு எவனோ சொன்னத நம்புனவன் நான். அவனைத் திருடன்னு கேட்டது தப்பு."

எல்லோரும் ஆவுடையம்மாளைப் பார்த்தார்கள். அவள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"ஏழா? அந்த மூஞ்சிக்கு அஞ்சு ஓடும்னுதாம் நான் நெனச்சேன். பரவால்ல."

அன்றைக்கு மண்டியில் எழுந்த சிரிப்பில் மாசானமும் சேர்ந்துகொண்டார். பரசுராமன் சிரிக்கவில்லை, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, ஏழு மைல் லாரியில் ஏறி உட்கார்ந்தான்.

ஆவணியில் கல்லம்மா முன்னிலையில் கல்யாணம் நடந்தது. மாசானமும் ஆவுடையம்மாளும் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பூவம்மா அதற்குப் பிறகும் ஆத்தா நடந்து வந்த கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். இப்போது அவளுக்கு இன்னும் தெம்பு கூடிவிட்டது. "சும்மா சொல்லல. வண்ணாரப்பேட்டை மொதலாளி நேர்ல நடந்து அளந்து பாத்தாரு. சுத்தமா ரெண்டு மைலு" என்று சேர்த்துக்கொண்டாள். யாராவது அப்பாவுவைக் கேட்டால், "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டு வலை பின்னப் போய்விடுவார்.

அவ்வளவுதான், கண்ணுகளா. பொழுதாகிவிட்டது, எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும். உங்கள் வீட்டில் பிறந்தவர்கள்மேல் ஒருவரும் வீண்பழி சொல்லாதிருக்கட்டும். சொன்னாலும், சொன்ன வாயே வந்து திருத்திச் சொல்லட்டும். வேலைக்குப் போனவர்கள் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்பட்டும். வந்தவர்களுக்கு உலையில் சோறும், சட்டியில் குழம்பும், சிரிக்க ஒரு பேச்சும் குறைவில்லாமல் இருக்கட்டும்.